வளர்ப்பு மீனா, கடல் மீனா: உடல்நலம் கருதி மீன் வாங்கும் முறை

முதலில், மீன் எங்கிருந்து வந்தது என்பதை இனத்தைக் கொண்டு கணியுங்கள். மத்தி, நெத்திலி, அயிலை, வஞ்சிரம் ஆகியவை கடலில் பிடிபடுபவை. கடைகளில் கிடைக்கும் கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் குளத்தில் வளர்ந்தவை, அவற்றில் பெரும்பகுதி ஆந்திரத்திலிருந்து ஐஸ் பெட்டிகளில் வருகிறது. கொடுவா இரு வழியிலும் வருவதால் விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும். வெட்டும்போது குடலைச் சுற்றி வெண்கொழுப்பு திரண்டிருந்தால், அது தீவனம் தின்று வளர்ந்த மீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து, அது எதைத் தின்றது என்று விசாரியுங்கள். சத்தில் காணும் வேறுபாட்டுக்கு மூலம் இதுதான். இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 என்ற கொழுப்பு கடலின் நுண்பாசிகளில் உருவாகி, இரையின் வழியாக மத்தியின் உடலில் சேர்கிறது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் தின்னும் கட்லா, ரோகு போன்ற கெண்டையில் புரதத்துக்குக் குறைவில்லை என்றாலும் ஒமேகா-3 குறைவாகவும், ஒமேகா-6 என்ற வேறு வகைக் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும். மீன்தூளும் மீன் எண்ணெயும் சேர்ந்த தீவனத்தில் வளர்ந்த கொடுவாவிலோ ஒமேகா-3 நன்றாகவே இருக்கும் என்பதால், வளர்ப்பு மீன் அனைத்தையும் சத்தற்றது என்று ஒதுக்குவது நியாயமன்று.

மூன்றாவதாக, மீன் பெரிதா சிறிதா என்று பாருங்கள். கடல் மீன் என்றாலே தூய்மையானது என்று நம்புவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. சிறு மீன்களைத் தின்று பல ஆண்டுகள் வாழும் பெரிய சுறா, மயில் மீன் போன்றவற்றின் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும், தோலை உரித்தாலும், வேகவைத்தாலும் அது நீங்காது. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கட்டும் என்று சுறாப்புட்டு செய்து தரும் வீடுகளில் பெரிய சுறாவைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மத்தியும் நெத்திலியுமே ஏற்றவை.

வளர்ப்பு மீனில் கவலை வேறு: நோய்க்காகக் குளத்தில் இடும் மருந்து. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மீன் வளர்ப்பில் பயன்படுத்த இந்தியாவில் தடை உள்ளது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கே தடை உண்டு. ஆகவே, பண்ணை தெரிந்த இடத்தில் வாங்குவதே பாதுகாப்பு.

கடைசியாக, செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் கிடந்த அயிலையிலும் சூரையிலும் ஒவ்வாமை போன்ற உபாதை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிவிடும், அதைச் சமையல் அழிக்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத நாட்களில், பல நாள் ஐஸில் கிடந்த கடல் மீனைவிட, அருகிலுள்ள குளத்தில் அன்று பிடித்த கெண்டையையே நான் பரிந்துரைப்பேன்.