போலீஸ் உங்கள் முகத்தைப் படம் எடுத்தால்: ஆர்டிஐ மனு எழுதும் முறை

இரவு ரோந்தில் வண்டியை மறித்து, "கொஞ்சம் நிமிர்ந்து பாருப்பா" என்று போனில் படம் எடுத்து, முகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முக அடையாள மென்பொருளில் போட்டுவிட்டு, அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படம் எங்கே போகிறது என்று கேட்டு வரும் எங்கள் பகுதிப் பையன்களுக்கு நான்தான் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு எழுதிக் கொடுக்கிறேன்.

"ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வது எங்கள் வேலையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். நான் எழுதும் வரி இது: "முக அடையாள மென்பொருளைக் களத்தில் பயன்படுத்துவது பற்றிக் காவலர்களுக்கு அனுப்பப்பட்ட சுற்றறிக்கைகளின் நகல் தருக."

அடுத்தது பொருத்த சதவீதம். இதை மட்டும் விடவே கூடாது. மென்பொருள் 'இவர்தான்' என்று சொல்வதில்லை. இரண்டு முகங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஓர் எண்ணைத் தருகிறது, அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு மேல் போனால் சந்தேகம் என்பதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். டெல்லி போலீஸ் 80 சதவீதத்தைப் பொருத்தமாகக் கொள்கிறது என்பது 2022-ல் ஓர் ஆர்டிஐ பதிலில்தான் வெளிவந்தது. அதற்குக் குறைந்தாலும் வேறு ஆதாரத்தோடு சரிபார்ப்போம் என்றார்கள். அப்புறம் 80 எதற்கு?

படங்களை எத்தனை காலம் வைத்திருக்கிறார்கள், இதுவரை எத்தனை அழித்தார்கள் என்றும் கேளுங்கள். கைதானவர்களின் அடையாளப் பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்க 2022-ன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் இடம் தருகிறது. வழக்கே இல்லாதவர் படத்துக்கு என்ன கணக்கு? 2024 மே மாதம் தமிழ்நாடு போலீஸின் முக அடையாளத் தளத்திலேயே ஒரு அட்மின் கணக்கு வழியாக ஊடுருவினார்கள். ஆகவே இது வீண் கேள்வி இல்லை.

மனுவை மாநில குற்ற ஆவணக் காப்பகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், ஆர்டிஐ சட்டத்தின் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். உங்கள் போட்டோவை மட்டும் இணைக்காதீர்கள், அவர்களிடம் இருப்பது போதாதா!

புலனாய்வு பாதிக்கும் என்று அதே சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, எப்படிப் பாதிக்கும் என்று காட்ட வேண்டும் என 2007-லேயே பகத் சிங் என்பவர் தொடுத்த ஆர்டிஐ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள். மறுப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலுள்ள முத்திரைத் தேதிதான் சாட்சி.