சிவாலய ஓட்டம்: முதல்முறை போகிறவர்களுக்கு

மாசி மாதம் மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் அந்தியில் முஞ்சிறை திருமலை கோயிலில் கிளம்பி, மறுநாள் இரவுக்குள் 12 சிவாலயங்களைத் தொழுது திருநட்டாலத்தில் முடிப்பதுதான் கன்னியாகுமரி மாவட்டத்தின் சிவாலய ஓட்டம். தூரம் சுமார் 100 கிலோமீட்டர். பெயர் ஓட்டம் என்றாலும் நடந்தே முடிப்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகம், திருமால் பெயரைக் கேட்கவே பொறுக்காத சிவபக்தன். கண்ணன் தந்த 12 ருத்திராட்சங்களோடு போன பீமன், அதன் எதிரே ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிவிட்டு ஓடினான். மிருகம் நெருங்கும்போதெல்லாம் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுவான். அது லிங்கமாகும், மிருகம் நின்று பூசை செய்யும். பன்னிரண்டாவது இடத்தில் அரியும் சிவனும் ஒன்றெனக் கண்டு அதன் கோபம் அடங்கியது. சிவன் கோயிலுக்கு ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு போவது இதனால்தான். போகிறவர்களைக் கோவிந்தமார் என்பார்கள்.

அடுத்தது விரதம். ஒரு வாரம் முன்பே மாலை போட்டு, சைவ உணவோடு இருங்கள். தினமும் கொஞ்ச தூரம் வெறுங்காலில் நடந்து பழகுங்கள். காவி அல்லது மஞ்சள் வேட்டி, திருநீற்றுக்குச் சின்னத் துணிப்பை, பனையோலை விசிறி போதும். விசிறி உங்களுக்கல்ல, சுவாமிக்கு வீச.

வரிசை இது: திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம்.

ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈரத்துணியோடு தொழுவது முறை. ஈர வேட்டி தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும். கிளம்பும்போதே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். முதல் வருஷம் நான் இதைச் செய்யாமல் பொன்மனைக்குமேல் கால் அகட்டித்தான் நடந்தேன்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். திக்குறிச்சியிலிருந்து திற்பரப்பு நீண்ட தூரம், அதுவும் ராத்திரி. கூட்டம் ஓடுகிறதே என்று நீங்களும் ஓடாதீர்கள். பீமன் ஓடினான், சரி. மிருகம் ஒவ்வொரு லிங்கத்தின் முன்னும் நின்றதே, அதையும் செய்ய வேண்டும். திக்குறிச்சியில் நந்தி இல்லாததைக் கவனியுங்கள். வெயில் ஏறுமுன் பன்னிப்பாகம் தாண்டிவிட்டால் தார் ரோட்டுச் சூட்டிலிருந்து பாதி தப்பலாம். கல்குளம் பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறது. வழியெல்லாம் ஊர்க்காரர்கள் பானகமும் மோரும் கஞ்சியும் தருவார்கள். வயிறு முட்டக் குடிக்காமல் அடிக்கடி கொஞ்சமாகக் குடியுங்கள்.

திருநட்டாலத்தில் சிவனையும் சங்கரநாராயணரையும் இரண்டு கோயில்களிலும் தொழுங்கள். அதுவரை திருநீறு வாங்கிய கையில் இங்கே சந்தனம் விழும். அன்றிரவு அங்கேயே கண்விழியுங்கள். திரும்ப அழைத்துப் போக வீட்டில் ஒருவரை முன்கூட்டியே வரச்சொல்லி வையுங்கள். அந்தத் தூக்கத்தோடு பைக் ஓட்டவே கூடாது.