நடிகையின் ஆரம்ப வருடங்களைத் தாளில் போட்டுப் படிப்பது எப்படி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமை நாடகப் பயிற்சிக்கு வரும் பெண் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒரு கோடு போட்ட நோட்டு. "டீச்சர், நடிக்கத்தானே வந்தோம்?" என்பார்கள். நடிக்கலாம் கண்ணு, அதற்கு முன்னால் ஒருத்தர் எப்படி நடிக்க வந்தார் என்று ஒழுங்காகப் படித்துப் பார்ப்போம் என்பேன். பேட்டியும் விருது மேடையும் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு நடிகையின் கடைசி இரண்டு வருடங்கள்தான் தெரியும். அவர்களுக்கு வேண்டியது முதல் ஏழெட்டு வருடங்கள். அதைப் படிக்க நான் வைத்திருக்கும் முறை இது. எங்கள் சித்தூர் தாலுக்காவில் மட்டுமல்ல, செங்கோட்டையிலோ களியக்காவிளையிலோ இருந்தாலும் செய்யலாம்.

முதல் வேலை, ஆளைத் தேர்ந்தெடுப்பது. உங்களுக்கு ரொம்பப் பிடித்த நடிகையை எடுக்காதீர்கள். பிடித்தவர் என்றால் எல்லா வரியையும் வெற்றிக் கதையாகவே எழுதுவீர்கள். அப்பாவோ மாமாவோ தயாரிப்பாளராக இருக்கும் நடிகையும் வேண்டாம், அந்தத் தாளில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. தொலைவில் இருப்பவராக, சின்ன ஊர்க்காரராக, தொழில் நடக்கும் நகரத்துக்கு வெளியே இருந்து போனவராக இருந்தால் நல்லது. நான் வழக்கமாக எடுப்பது ஸ்காட்லாந்துப் பெண் கேரன் கில்லன். மார்வெல் படங்களில் நீல முகத்தோடு வரும் நெபுலா என்றால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அந்த நீலத்துக்குப் பின்னால் இருக்கும் முகத்தைப் பலர் பார்த்ததே இல்லை. என் காரியத்துக்கு அது வசதி.

அடுத்து, தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு ஐந்து பத்தி பிரியுங்கள்: வருடம், ஊர், செய்த வேலை, எந்தப் பேச்சில் (எந்த ஊர் உச்சரிப்பில்) பேசினார், அந்த வேலை எப்படி வந்தது. கடைசிப் பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கும். காலியாகவே விடுங்கள். ரசிகர்கள் எழுதியதை வைத்து அதை நிரப்பினால் தாள் கெட்டது.

சரி, நிரப்பலாம். 1987, இன்வர்னஸில் பிறப்பு. ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் ஊர். ஆங்கிலத் திரைத்தொழில் நடக்கும் லண்டன் அங்கிருந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர். பதினாறு வயதில் அவர் எடின்பரோ போய் டெல்ஃபோர்ட் கல்லூரியில் நடிப்புப் படிக்கிறார். பதினெட்டில்தான் லண்டன், இத்தாலியா கான்டி என்ற நடிப்புப் பள்ளி. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் அம்புக்குறி போடச் சொல்வேன். அவர் நேரே லண்டனுக்கு ரயில் ஏறவில்லை. தன் நாட்டுக்குள்ளேயே ஒரு பெரிய ஊர், அதற்கப்புறம்தான் தலைநகரம். நம் பிள்ளைகளோ கொழிஞ்சாம்பாறையில் இருந்து நேராக வடபழனியைத்தான் கனவு காண்கிறார்கள்.

நமக்கும் நடுவில் ஓர் ஊர் இருக்கிறது. திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977-இல் ஜி. சங்கரப்பிள்ளை தலைமையில் தொடங்கியது. பாலக்காட்டில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். மலையாளம் சரளமாக வராதே என்று தயங்கும் வீட்டுப் பெரியவர்களிடம் நான் சொல்வது, நாடகப் பள்ளியில் முதலில் வேலை வாங்குவது உடம்பையும் மூச்சையும்தான். தமிழ்ப் பக்கம் போக வேண்டும் என்றால் சென்னையில் அதே 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை இருக்கிறது.

2006. 'ரீபஸ்' என்ற துப்பறியும் தொடரில் ஒரு பகுதி. கதை நடக்கும் இடம் எடின்பரோ. லண்டனில் படிக்கப் போனவருக்கு முதல் டிவி வேலை கிடைத்தது சொந்த நாட்டுக் கதையில். இங்கே நிறுத்தி, நம் பக்கத்தைப் பாருங்கள். பொள்ளாச்சியில் எத்தனையோ காலமாகப் படப்பிடிப்பு நடக்கிறது, கொல்லங்கோட்டு வயல்களுக்கும் கேமரா வருகிறது. அவர்களுக்கு இரண்டு மொழியும் பேசுகிற, வெயிலில் நிற்கத் தெரிந்த உள்ளூர் முகங்கள் தேவைப்படும். குறும்படம் எடுக்கும் பாலக்காட்டு, கோவைக் கல்லூரிப் பையன்களுக்கும் அப்படித்தான். முதல் வரி இங்கிருந்தே வரலாம்.

2007-இல் மாடலிங். இதை வேகமாகத் தாண்டலாம்.

2008-க்கு இரண்டு வரி வேண்டும். முதலாவது 'கெவின் பிஷப் ஷோ', குட்டிக் குட்டி நகைச்சுவைக் காட்சிகளால் ஆன நிகழ்ச்சி. அதில் அவருக்கு ஒரு நிலையான வேடம் கிடையாது, பல வேடங்கள். இந்த வரியின் கீழ் நான் சிவப்பு மையால் கோடு போடுவேன். கதாநாயகி வேடத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இப்படிப்பட்ட வேலை கௌரவக் குறைச்சலாகத் தெரியும். ஆனால் ஒரே நாளில் முடி மாற்றி, குரல் மாற்றி, நடை மாற்றி நிற்பதற்கு வேறெங்கே பயிற்சி கிடைக்கும்? கேரளப் பள்ளிக் கலோத்சவம் என்ற கலைவிழாப் போட்டியில் மோனோ ஆக்ட் செய்த பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. தனி ஆளாக நின்று மாமியாராகவும் மருமகளாகவும் கண்டக்டராகவும் மாறியவர்கள்தான் அவர்கள். பள்ளி முடிந்ததும் அதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்துக்குள் மூன்று பேர், நடுவில் வெட்டாமல் போனில் எடுங்கள். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்று பேரும் மூன்று பேராகத் தெரிந்தால் உடம்பு வேலை செய்திருக்கிறது. தெரியவில்லை என்றால் குரல் மட்டும்தான் நடித்திருக்கிறது.

இரண்டாவது 2008 வரி: 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரில், பொம்பேய் நகரக் கதையில் குறி சொல்பவர் வேடம். முகம் முழுக்கப் பூச்சு, ஆளே அடையாளம் தெரியாது. (அதே பகுதியில் வேறொரு வேடத்தில் நடித்த கிளாஸ்கோக்காரர் பீட்டர் கபால்டியைத்தான் 2013-இல் அந்தத் தொடரின் நாயகனாக, டாக்டராகவே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியில் தலைகாட்டியவர்களுக்கு இப்படியும் நடக்கும்.) 2010-இல் கில்லன் அதே தொடரில் எமி பாண்ட் என்ற முக்கிய வேடத்தில் திரும்பி வருகிறார். உடனே பிள்ளைகள் கடைசிப் பத்தியில் "சின்ன வேடம் பெரிய வேடத்தை வாங்கித் தந்தது" என்று எழுதப் பார்ப்பார்கள். எழுத வேண்டாம். ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தது, அவ்வளவுதான் தாளுக்குத் தெரியும்.

அந்த 2010 வரியில் நான்காவது பத்திதான் எனக்கு முக்கியம். எமி பாண்ட், இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்த ஸ்காட்லாந்துப் பெண். கில்லன் தன் சொந்தப் பேச்சிலேயே பேசினார். மூன்று வருடம் கழித்து, 2013-இல் 'ஆக்குலஸ்' என்ற பேய்ப் படத்தில் அமெரிக்கப் பேச்சு. அதாவது சொந்தப் பேச்சும் கைவசம், அயல் பேச்சும் கைவசம். நம் பக்கத்தில் நடப்பது வேறு. சென்னை ஆடிஷனுக்குப் போகும் பெண், கொங்குச் சாயலும் மலையாள வாடையும் கலந்த தன் தமிழை மூடி மறைத்து டிவி தொகுப்பாளர் மாதிரி பேசுகிறாள். கொச்சிக்குப் போனால் தமிழ் வாடை அடிக்கும் மலையாளத்துக்கு வேலைக்காரி வேடம் நீட்டப்படுகிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டாவது நம் கையில் இல்லை, முதலாவது இருக்கிறது. ஒரே பத்து வரி வசனத்தை வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு தரம், சென்னைத் தமிழில் ஒரு தரம், திருச்சூர் மலையாளத்தில் ஒரு தரம் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பேச்சுப் பதிவைத்தான் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். அதில் உங்கள் மூச்சு எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு, மற்ற இரண்டிலும் அதே இடத்தில் விழுகிறதா பாருங்கள்.

2011. தொடரில் புகழோடு இருக்கும்போதே லண்டன் டான்மர் வேர்ஹவுஸ் அரங்கில் ஜான் ஆஸ்போர்னின் நாடகத்தில் நடிக்கிறார். ஏறக்குறைய 250 பேர் உட்காரும் அரங்கம் அது. மேடை என்பது சினிமாவுக்குப் போகும் ஏணி என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த வரி குழப்பமாக இருக்கும். இருக்கட்டும். 2014-இல் வெளிவந்த படத்தில் நெபுலா வேடத்துக்காகத் தலையை மொட்டையடித்துக்கொண்ட வரியோடு தாளை முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு வருவது வேறு கணக்கு.

ஒரே தாளோடு நிறுத்தினால் அதுதான் வழி என்று மனதில் பதிந்துவிடும். அதனால் இன்னும் இரண்டு சின்னத் தாள். கெல்லி மெக்டொனால்ட், கிளாஸ்கோ: பயிற்சிப் பள்ளி ஏதும் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று துண்டுச் சீட்டு போட்ட ஆடிஷனுக்குப் போனார், 1996-இல் 'டிரெய்ன்ஸ்பாட்டிங்' வெளிவந்தது. கேட்டி லியுங்: அவரும் பொது ஆடிஷன் வரிசையில் நின்றவர். 2005-இல் ஹாரி பாட்டர் படத்தில் சோ சாங் என்ற வேடம். நடிப்புப் பள்ளி அதற்குப் பிறகுதான், கிளாஸ்கோவில். 2012-இல் லண்டன் மேடை. மூன்று ஸ்காட்லாந்துப் பெண்கள், மூன்று வரிசை. மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் சம்பள வேலைக்கு முன் என்ன இருந்தது என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

இப்போது நான்காவது தாள், உங்களுடையது. அதே ஐந்து பத்தி. கலோத்சவம், கோயில் திருவிழா நாடகம், குறும்படம் எல்லாம் எழுதலாம். அடுத்த வரியை நீங்களே உண்டாக்க வேண்டும், அதற்கு வீட்டிலிருந்தே அனுப்பும் ஆடிஷன் வீடியோ போதும். வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு நேரே, போன் படுக்கை வசத்தில் கண் மட்டத்தில், மார்பு வரை தெரியும்படி. எதிர்ப்பேச்சு வாசிப்பவர் போனுக்கு ஒட்டி நின்று தணிந்த குரலில் வாசிக்கட்டும், தம்பி தங்கை யாராவது போதும். முதலில் பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள், உங்கள் சொந்தப் பேச்சில். அப்புறம் கேட்ட காட்சி, கேட்ட பேச்சில். பின்னணி இசை சேர்க்காதீர்கள். காலையில் எடுங்கள், மத்தியானத்தில் நம் ஊர்க் காற்று போன் மைக்கில் பேய் மாதிரி இரையும்.

பணம் கட்டினால்தான் ஆடிஷன் என்றால் அது ஆடிஷன் இல்லை. ஹோட்டல் அறைக்குத் தனியாக வரச் சொன்னால் போகாதீர்கள், பதிலும் போடாதீர்கள். மலையாளத் திரையுலகில் பெண்கள் நிலை பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, வாய்ப்புக்கு ஈடாக என்னவெல்லாம் கேட்கப்பட்டது என்று அதில் இருந்ததை அம்மாக்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். சில வீடுகளில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் கூடவே வர ஆரம்பித்தார்கள். படப்பிடிப்புக்குப் போகும் முன் கேட்க வேண்டியவை: தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், இடம், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும், சம்பளம், வண்டி உண்டா, உடை மாற்ற அறையும் கழிப்பறையும் உண்டா, புகார் கேட்கும் குழுவில் யார் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். பதில் வந்ததும் அதை அப்படியே அம்மா போனுக்கும் அனுப்பிவிட்டு, உங்கள் தாளின் கடைசிப் பத்தியில் இந்த வேலையை யார் சொன்னார்கள் என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.