ஊட்டியின் பழைய ஹாஸ்டலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஊட்டிக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் எல்லாரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது, கம்பளி இருக்கிறது, கொஞ்ச நாளில் உடம்பும் பழகிவிடும். பழைய ஹாஸ்டலில் உங்களைப் பாடாய்ப்படுத்தப் போவது ஈரம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை தூறலும் மேகமுமாக இருக்கும். அது ஓய்வதற்குள் வடகிழக்கு மழை வந்துவிடும். துவைத்துப் போட்ட ஜீன்ஸ் நாள் கணக்கில் கொடியில் தொங்கினாலும் இடுப்புப் பட்டியில் மட்டும் ஈரம் நிற்கும். ஆகவே நான் முதலில் சொல்லப் போவது ஈரத்தைப் பற்றித்தான்.

கட்டடத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ் இன்றும் இங்கே அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால் வந்த பழைய கட்டடங்கள் பலவற்றிலும் கனமான சுவர், மரப்பலகைத் தளம், உயரமான கூரை என்று அதே வார்ப்புதான். கனமான சுவர் மெதுவாகத்தான் சூடேறும். வெயில் அடிக்கிற நாளில் பதினோரு மணிக்கு முற்றத்துக்கு வந்து பாருங்கள், அறையைவிட வெளியே கதகதப்பாக இருக்கும். அந்த நேரத்தில் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். நான்கு மணிக்குள் மூடிவிடுங்கள், அதன்பிறகு மூடுபனி உள்ளே வந்துவிடும்.

குளிருக்குப் பயந்து ஜன்னலை நாள் முழுக்கச் சாத்தி வைப்பவர்கள் அறையில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சும், நாற்காலியில் தொங்கும் ஈரத்துண்டும் போதும். காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அதே தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் பீரோவுக்குப் பின்னாலும் படியும். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் போடுங்கள். தோல் ஷூவைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் மழைக்காலம் முடியும்போது அதன்மேல் பச்சை படர்ந்திருக்கும். அதைத் திறந்தவெளியில் வையுங்கள், உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், தாள் நமுத்ததும் மாற்றுங்கள். சான்றிதழ்கள், பாஸ்போர்ட் எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில் இருக்கட்டும்.

அறையைத் தேர்ந்தெடுக்க விட்டால் காட்சியைப் பார்க்காதீர்கள், தெற்குப் பார்த்த ஜன்னலைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்த ஜன்னல் வழியே வெயில் கட்டில் வரைக்கும் வரும். அந்த மாதங்களில்தான் உறைபனி. வானம் தெளிந்த இரவில் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ரேஸ்கோர்ஸ் மைதானமும் தலைக்குந்தா புல்வெளியும் விடியற்காலையில் வெள்ளையாகக் கிடப்பது அதனால்தான். மேட்டில் உள்ள அறை, மாடி அறை கிடைத்தால் விடாதீர்கள். கால்விரல் சிவந்து வீங்கி அரித்தால் சுடுதண்ணீரில் முக்காதீர்கள். உலர்ந்த சாக்ஸ் போட்டு மெதுவாகச் சூடேற விடுங்கள், புண்ணானால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்வெட்டரை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம். தாவரவியல் பூங்கா பக்கத்தில் திபெத்தியர்கள் கடை போட்டிருக்கிறார்கள், அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து கொண்டுவரும் சதுர முள் பிளக் இங்கே சேராது, இங்கே உருண்டை முள். அடாப்டர் வாங்கினால் போன், லேப்டாப் சார்ஜ் ஏறும். அதே அடாப்டரில் ஹீட்டரைச் சொருகாதீர்கள். அறையில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட். தண்ணீர் காய்ச்சும் 1,500 வாட் ராடு 6.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயரிங் அதைத் தாங்காது, மாடி முழுக்க இருட்டாகும். வெந்நீருக்கு பாய்லர் எத்தனை மணிக்கு மூட்டுகிறார்கள் என்று வந்த அன்றே கேட்டு, அந்த நேரத்துக்கு பக்கெட்டோடு போய் நில்லுங்கள். பாய்லர் அண்ணனிடம் பெயர் சொல்லிப் பேசிப் பழகுங்கள். பரீட்சை நாளில் விடியற்காலை ஒரு பக்கெட் வெந்நீர் கிடைப்பது அவர் மனசில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய அறையில் சுவரோடு கணப்பு இருந்தாலும் அதில் தீ மூட்டாதீர்கள், புகைபோக்கி அடைத்திருக்கும். இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவே படுக்காதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மூச்சுத் திணறுகிறது என்று எழுந்திருக்கக்கூட விடாது. அப்படித் தூங்கிச் செத்துப்போனவர்கள் ஊட்டியிலும் உண்டு, கொடைக்கானலிலும் உண்டு. பக்கத்து அறையில் யாராவது செய்தால் வார்டனிடம் சொல்லுங்கள். காட்டிக்கொடுத்தான் என்ற பேர் வந்தாலும் பரவாயில்லை.

சாப்பாடு மெஸ்ஸில் சூடாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், தட்டிலேயே ஆறிப்போகும். இந்த உயரத்தில், அதாவது 2,240 மீட்டரில், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக நேரமாகும், குக்கர்தான் கதி. சாயங்காலத்துக்கு ஊட்டி பேக்கரிகளின் மொறுமொறு வர்க்கியும் டீயும் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு மலையேறாதீர்கள், நீலகிரியில் தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வந்த அன்றே ஹாஸ்டல் ஆபீஸில் அதைக் காட்டுங்கள். வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்வது அவர்கள் பொறுப்பு. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவுத் தளத்தில் நீங்களும் பதிய வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் இந்தத் தளத்தில் பதிய வேண்டியதில்லை.

இலங்கைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவும் இலங்கையும் 1964-ல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் கோத்தகிரி, கூடலூர், குன்னூர் பக்கமெல்லாம் வேர்விட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. உங்கள் பேச்சைக் கேட்டதும் "எந்த ஊர், எந்தத் தோட்டம்?" என்று யாராவது கேட்பார்கள். நின்று பேசுங்கள். ஊர் ஏக்கம் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீடுகள் உங்களுக்குத் தேவைப்படும்.

இருட்டிய பிறகு வளாகத்துக்குள் தனியாக நடக்காதீர்கள். காட்டெருமை வேலியோரம் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும், செல்பிக்குப் பக்கத்தில் போனால் திரும்பி முட்ட வரும். கரடி, சிறுத்தை நடமாட்டமும் உண்டு. வாட்ச்மேன் போகாதே என்றால் போகாதீர்கள்.

அம்மா அப்பா காரில் பார்க்க வந்தால், நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸை ஆன்லைனில் எடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள், 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை. அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. தீபாவளி லீவுக்கு நீங்கள் ஊருக்குப் போகும் நேரம் மழை உச்சத்தில் இருக்கும். மண் சரிந்தால் மலை ரயில் நிற்கும், குன்னூர் சாலையும் அடைபடும், கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னைக்குப் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில்தான் கிளம்புகிறது என்றாலும் மதியச் சாப்பாட்டோடு ஹாஸ்டலை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள். போகும்போது கட்டில் மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளி, நிமிர்த்தி வைத்துவிட்டுப் போங்கள்.