ஆன்லைனில் பழகியவரை நேரில் சந்திக்கப் போகிறீர்களா?

ஆன்லைனில் மாதக்கணக்கில் பழகிய ஒருவரை முதன்முறை நேரில் பார்த்து, இவரா அவர் என்று திகைத்துப் போகிறவர்கள் நிறைய. குழுவில் எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பவர் எதிரே உட்கார்ந்து ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வார், கமென்ட்டில் எரிந்து விழுபவர் நேரில் அத்தனை தன்மையாகப் பேசுவார். ஏமாந்துவிட்டோம் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே ஓரளவு கணித்துவிடலாம்.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். திரைக்கு முன்னால் மனத்தடை தளர்ந்துவிடுவதை உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் விளக்கி எழுதினார். நம்மை யாரும் பார்க்கவில்லை, உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை, எதிராளியின் குரலைக்கூட நாமேதான் மனதுக்குள் உருவாக்கிக்கொள்கிறோம். அதனால் சிலர் யாரிடமும் சொல்லாததை மனம்விட்டுச் சொல்கிறார்கள், சிலர் நேரில் வாயில் வராத வார்த்தைகளைக் கொட்டுகிறார்கள்.

அப்புறம், பதிவுகளை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். அவை நாலு தடவை அழித்து எழுதியவை. பதில்களைப் படியுங்கள், அதுவும் பழைய பதில்களை. முன்பின் தெரியாத ஒருவர் வந்து 'நீங்கள் போட்ட தேதி தவறு' என்று திருத்தும்போது இவர் நன்றி சொல்லி மாற்றுகிறாரா, சத்தமில்லாமல் அந்தக் கமென்ட்டை அழிக்கிறாரா, இல்லை 'உனக்கு என்ன தெரியும்' என்று ஆரம்பிக்கிறாரா? கோபம் வந்ததும் 'நீங்கள்' எவ்வளவு சீக்கிரம் 'நீ' ஆகிறது என்பதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் நம்புவேன். யோசித்து எழுத நேரமிருந்தும் ஒருவர் அப்படி எழுதுகிறார் என்றால், நேரில் அந்த நேரமும் இருக்காது.

அதற்காக ப்ரொஃபைல் முழுக்கப் பொய் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சமூக வலைத்தளம் பயன்படுத்திய 236 பேரை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், அவர்களுடைய பக்கங்கள் பெரும்பாலும் உண்மையான சுபாவத்தையே காட்டின. கலகலப்பு நன்றாகத் தெரிந்தது, மனப்பதற்றம்தான் பார்ப்பவர்களுக்குப் பிடிபடவில்லை. நேரில் பார்க்கும்போது நீங்கள் எதிர்பாராதது வெளிப்பட்டால், அது பெரும்பாலும் இதுவாக இருக்கலாம்.

சாட்டிலிருந்து நேராகச் சந்திப்புக்குத் தாவாதீர்கள். நடுவில் போனில் பேசுங்கள், பிறகு வீடியோ கால். 'டைப் செய்கிறார்' என்று வந்து, மறைந்து, மறுபடி வந்து, கடைசியில் 'ம், சரி' என்று மட்டும் வந்து நிற்கிறதே, அந்த இடைவெளியில் அவர் எழுதி அழித்தது என்னவென்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. போனில் அதே தயக்கம் காதில் விழுந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லி வீடியோவைத் தவிர்ப்பவர் பணமும் கேட்டால் அதைக் கூச்சம் என்று நினைக்காதீர்கள், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சந்திப்பை ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி வையுங்கள், போகும் இடத்தை யாரிடமாவது சொல்லிவிடுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவரென்று தெரிந்தால் எதிரெதிரே உட்காராமல் சேர்ந்து நடங்கள், முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாததால் பேச்சு தானாக வரும். நீங்களும் நேரில் அதிகம் பேசாதவர் என்றால் அதை முந்தின நாளே ஒரு மெசேஜில் சொல்லிவிடுங்கள்.