ஐசிஎஸ் கோப்பு: ஆண்டு நிகழ்ச்சிப் பட்டியலை எல்லோர் கேலண்டரிலும் ஏற்றும் வழி

பள்ளி விடுமுறைகளையோ சங்கத்தின் கூட்டத் தேதிகளையோ பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வாங்கியவர் ஒவ்வொரு தேதியையும் கையால் போனில் பதிய வேண்டும். யாரும் பதிய மாட்டார்கள். தேதிகளைக் கேலண்டர் செயலிகளுக்கென்று எழுதிவைக்கும் ஐசிஎஸ் (.ics) கோப்பாகக் கொடுத்தால் மொத்தமும் ஒரே தடவையில் ஏறிவிடும். கூகுள் கேலண்டர், அவுட்லுக், ஆப்பிள் கேலண்டர், தண்டர்பேர்ட் எல்லாமே இதைப் படிக்கும். ஐகேலண்டர் என்ற பொது வரையறையை இவை எல்லாம் பின்பற்றுவதுதான் காரணம். 1998இல் ஆர்எஃப்சி 2445 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்த அந்த வரையறையை, 2009இல் ஆர்எஃப்சி 5545 ஆகத் திருத்தி வெளியிட்டார்கள்.

படி 1: சோதனைக்கென்று தனி கேலண்டர்

கணினியில் கூகுள் கேலண்டரைத் திறந்து, புதிதாக ஒரு கேலண்டர் உருவாக்குங்கள். உங்கள் சொந்தக் கேலண்டரில் சோதனை வேண்டாம். தப்பான கோப்பை ஏற்றிவிட்டால் நூறு நிகழ்வையும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டி வரும். தனி கேலண்டர் என்றால் அதையே தூக்கிவிடலாம்.

படி 2: மாதிரிக் கோப்பு

புதிய கேலண்டரில் இரண்டு நிகழ்வுகளைப் போடுங்கள். ஒன்று, 2026 ஜனவரி 15 முதல் 17 வரை முழுநாள் நிகழ்வாகப் பொங்கல் விடுமுறை. இன்னொன்று, ஜனவரி 20 காலை 10 மணிக்கு ஒரு கூட்டம். பிறகு அந்தக் கேலண்டரின் அமைப்புகளுக்குப் போய் ஏற்றுமதி கொடுங்கள். வந்த ஜிப்பை விரித்து, உள்ளே இருக்கும் கோப்பை நோட்பேடில் திறங்கள். எல்லாம் வெறும் எழுத்துதான். வரிகளின் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த மாதிரியை நகலெடுத்து மாற்றிக்கொண்டால் போதும்.

படி 3: மாற்ற வேண்டிய வரிகள்

முதலில் முடிவுத் தேதியைப் பாருங்கள். விடுமுறை 17ஆம் தேதி முடிகிறது. கோப்பிலோ 20260118 என்று இருக்கும். முழுநாள் நிகழ்வில் முடிவுத் தேதி கணக்கில் சேராது, அதற்கு முந்தைய நாள் வரைதான் நிகழ்வு. கையால் 17 என்று எழுதினால் உழவர் திருநாள் காணாமல் போகும்.

அடுத்தது நேரம். காலை 10 மணிக் கூட்டம் 043000 என்றும், கடைசியில் இசட் எழுத்தோடும் இருக்கும். இசட் என்றால் உலகப் பொது நேரம். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு எழுத வேண்டும். கழிக்காமல் 100000 என்று எழுதி இசட்டையும் விட்டுவைத்தால் கூட்டம் மாலை 3.30க்குக் காட்டும். இசட்டை மட்டும் எடுத்துவிட்டால் நேர மண்டலமே இல்லாத நேரமாகிவிடும். சென்னையில் 10 மணி, சிங்கப்பூரில் இருப்பவருக்கும் அவர் ஊர் 10 மணி. ஆன்லைன் கூட்டத்துக்கு இது ஆகாது.

மூன்றாவது, யூஐடி (UID) வரி, அதாவது நிகழ்வின் அடையாளக் குறி. ஒவ்வொரு நிகழ்வுக்கும் வெவ்வேறு யூஐடி இருந்தாக வேண்டும். நகலெடுத்து ஒட்டும்போது இதை மாற்ற மறந்தால், எல்லாம் ஒரே நிகழ்வு என்று நினைத்து ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிவிடும். பின்னாளில் தேதி மாறினால் நேர்மாறாகச் செய்யுங்கள்: யூஐடியை அப்படியே விட்டு, எத்தனையாவது திருத்தம் என்று சொல்லும் சீக்வென்ஸ் (SEQUENCE) எண்ணை ஒன்று கூட்டுங்கள். அங்கே புது யூஐடி கொடுத்தால் பழைய தேதியும் இருக்கும், புதியதும் இருக்கும்.

தலைப்பைத் தமிழிலேயே எழுதலாம். காற்புள்ளி, அரைப்புள்ளி வந்தால் முன்னால் ஒரு \ போட வேண்டும். ஒரு வரி 75 பைட்டைத் தாண்டக் கூடாது என்பது வரையறையின் பரிந்துரை. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் 'பொங்கல்' என்ற ஒரு சொல்லே 21 பைட். அதனால்தான் தமிழ் விவரங்கள் ஏற்றுமதியில் சீக்கிரமே மடிந்து, அடுத்த வரி ஓர் இடைவெளியோடு தொடங்குகிறது. அந்த இடைவெளியை அழித்தால் கோப்பு உடையும்.

தீபாவளியை 'ஆண்டுதோறும்' என்று போடாதீர்கள். அந்த விதி ஆங்கிலத் தேதியைத்தான் திரும்பச் சொல்லும். 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி நிகழ்வு வையுங்கள்.

படி 4: சேமித்தல்

சேமிக்கும்போது கோப்பு வகையில் 'எல்லாக் கோப்புகளும்', குறியாக்கத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். முதலாவதை விட்டால் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், இரண்டாவதை விட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடலாம்.

படி 5: கோப்பா, இணைப்பா?

மாறாத பட்டியல் என்றால் கோப்பை அனுப்பி இறக்குமதி செய்யச் சொல்லுங்கள். தேதிகள் மாறும் என்றால் கோப்பை உங்கள் இணையதளத்தில் வைத்து, முகவரியைக் கொடுத்துச் சந்தா சேரச் சொல்வதுதான் சரி. நீங்கள் அங்கே திருத்தினால் எல்லோரிடமும் மாறும். ஆனால் உடனே அல்ல. கூகுள் கேலண்டரில் பல மணி நேரம் ஆகும். நாளைக் காலைக் கூட்டம் ரத்து என்றால் இதை நம்பாமல் ஒரு குறுஞ்செய்தியும் போட்டுவிடுங்கள். கூகுள் டிரைவின் பகிர்வு இணைப்பை அப்படியே கொடுத்தால் வேலை செய்யாது. அது கோப்பைத் தராது, கோப்பைக் காட்டும் வலைப்பக்கத்தைத்தான் தரும்.