ஓடாத நேரத்திலும் கணக்கு வேண்டும்

பாளையங்கோட்டையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்குப் போனால் வேக ஓட்டம் பழகுகிறவர்களில் இரண்டு வகையினரைப் பார்க்கலாம். காவலர் உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் ஒரு பக்கம். நாற்பதைத் தாண்டியும் மூத்தோர் தடகள ஆசையை விடாத என்னைப் போன்றவர்கள் இன்னொரு பக்கம். ஓடியதை நோட்டில் எழுதி வைக்கிற நாங்கள் யாரும் ஓய்வை எழுதி வைப்பதில்லை.

போன பங்குனியில் ஒரு பையன் 60 மீட்டரை எட்டு முறை ஓடினான், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம்தான் இடைவெளி. ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது. முதல் ஓட்டம் 8.1 விநாடி, மூன்றாவது 8.4, ஆறாவது 9.0. "மூச்சு வாங்கினால்தானே அண்ணாச்சி பயிற்சி?" என்றான்.

முழு வேக ஓட்டத்துக்குத் தசை முதலில் எடுத்துச் செலவழிப்பது பாஸ்போகிரியேட்டின் என்ற கையிருப்பை. சில விநாடிகளில் அது வேகமாகக் கரைந்துவிடும். பெரும்பகுதி மீண்டும் சேர மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் ஓடினால் பழகுவது வேகத்தை அல்ல, களைத்த காலோடு ஓடுவதைத்தான். முழு வேகத்தில் ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் 60 மீட்டருக்கு ஆறு நிமிடம். இரண்டு நாள் கழித்து அவனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, ஆறு நிமிடத்துக்கு ஒன்றாக நான்கு ஓட்டம் மட்டும் ஓடச் சொன்னேன். நான்காவதும் 8.1. "இவ்வளவுதானா?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

அவன் மேல் முழுக் குற்றமும் இல்லை. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பிறகு 100 அல்லது 400 மீட்டர் ஓட்டமும் உண்டு. அதனால் ஒரே காலையில் முதலில் நீண்ட ஓட்டம், களைத்த பிறகு வேக ஓட்டம் என்று பழகுகிறார்கள். இரண்டையும் வேறு வேறு நாளில் வைப்பது நல்லது. முடியாவிட்டால் வேக ஓட்டத்தை முதலில் முடித்துவிட வேண்டும்.

தினமும் முழு வேகத்தில் ஓடுவது அடுத்த தவறு. இரண்டு வேகப் பயிற்சிகளுக்கு நடுவே 48 மணி நேரமாவது வேண்டும். என் வயதுக்கு 72. முன்னால் வீசிய கால் தரையைத் தொடப்போகும் தருணத்தில் தொடையின் பின்தசை நீண்டபடியே காலின் வீச்சைத் தடுத்து நிறுத்துகிறது. களைத்த தசை கிழிவது பெரும்பாலும் அங்கேதான். எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடை விழா. விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, புதன் காலை ஓடப் போனேன். நாற்பதாவது மீட்டரில் தொடைக்குப் பின்னால் யாரோ கல்லெறிந்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

அன்று மாலையே சூடான எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டேன். கிழிந்த இடத்தில் முதல் சில நாட்கள் அழுத்தித் தேய்த்தால் ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். துணியில் சுற்றிய ஐஸ், அளவான கட்டு, வலிக்காத அளவு நடை, இவை போதும். கால் ஊன்றவே முடியாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறகு பயந்துபோய் மூன்று வாரம் கட்டிலிலேயே கிடந்தேன், அதுவும் தவறு. வலியில்லாமல் நடை, மெல்லோட்டம், பாதி வேகம் என்று படிப்படியாகத்தான் தசை பழைய பலத்துக்கு வரும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, திட்டத்தான் தோன்றும்.

ஓய்வு நாளில் நாள் முழுக்க வாலிபால் ஆடினால் அது ஓய்வு நாள் ஆகாது. குற்றால அருவியில் நின்றால் உடம்பு லேசாகும், உண்மைதான். ஆனால் நின்றுகொண்டே பஸ்ஸில் திரும்பி, நள்ளிரவில் படுத்தால் அந்த லேசு எங்கே மிஞ்சும்?

போட்டிக்கு முந்தைய வாரம் ஓய்வெடுத்தால் வேகம் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒரு வாரத்தில் அது எங்கும் போகாது. ஓட்டங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, இரண்டு மூன்று குறுகிய வேக ஓட்டங்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். இரவு ஒன்பதரைக்குப் படுத்துவிடுவேன். அந்த வாரம் தெருவில் கொடை வந்தால், ஸ்பைக்ஸ் என்ற ஆணி வைத்த ஓட்டக் காலணிப் பையை எடுத்துக்கொண்டு பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.